பேராசிரியருக்குப் புது சாஃப்ட்வேர் ஏன் ஒட்டுவதில்லை? ஓர் எளிய விளக்கம்

கல்லூரியில் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கும்போதெல்லாம் இரண்டு பேச்சுகள் தவறாமல் காதில் விழும். "சீனியர்களுக்கு இதெல்லாம் வராது சார்" என்பது ஒன்று. "ஒரு நாள் டிரெயினிங் வைத்தால் சரியாகிவிடும்" என்பது இன்னொன்று. இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த சாஃப்ட்வேரோடு ஒரு செமஸ்டர் முழுக்க மல்லுக்கட்டப் போகிறவர்கள் இல்லை.

முதல் பேச்சு எளிதில் உடைந்துவிடும். போர்டலில் மார்க் ஏற்றத் தெரியாதவர் என்று பெயர் வாங்கிய அதே பேராசிரியர்தான், காலை பத்து மணிக்குத் தட்கல் திறந்ததும் அடித்துப் பிடித்து ஏசி டிக்கெட் எடுக்கிறார். மகனுக்கு ஃபீஸ் கட்டுகிறார், பென்ஷன் ஆபீஸுக்கு ஆன்லைனில் மனுப் போடுகிறார். வராதவர் என்றால் இதுவும் வரக் கூடாதே?

இரண்டாவது பேச்சு கொஞ்சம் கடினம், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. டிரெயினிங் தேவைதான். ஆனால் அதில் சொல்லித் தருவது பட்டன்களை. பட்டன் தெரிந்த பிறகு ஆசிரியர் தன் வேலையை எப்படி மாற்றியமைத்துக்கொள்வார் என்பதை எந்த டிரெயினிங்கும் சொல்வதில்லை. நிஜமான பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கண்டக்டர் கைக்கு வந்த மெஷின்

அரசு பஸ்ஸில் டிக்கெட் கட்டு வைத்திருந்த காலத்துக் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் கலர் கலராகக் கட்டுகள், விரல் இடுக்கில் நீளவாக்கில் மடித்துச் செருகிய நோட்டுகள், தோளில் பை, வாயில் விசில். எந்த ஸ்டேஜுக்கு எவ்வளவு என்பது மனப்பாடம். இடையிடையே இன்வாய்ஸ் என்ற டிக்கெட் கணக்குத் தாளையும் எழுத வேண்டும்.

அப்புறம் கைக்கு அடக்கமான டிக்கெட் மெஷின் வந்தது. அதன் பட்டன்களைப் பழக ஒரு நாள் போதும். ஆனாலும் கூட்டம் நெரியும் காலை டிரிப்பில், வருடக்கணக்காக அந்த ரூட்டில் ஓடியவர் நேற்றுச் சேர்ந்தவரைவிட மெதுவாக டிக்கெட் கொடுப்பார். அவருடைய வேகம் விரல்களிலும் மனப்பாடத்திலும் இருந்தது. அந்த இரண்டும் மெஷினுக்குத் தேவைப்படவில்லை. இன்னொரு பக்கம், கணக்கு எழுதும் வேலை குறைந்தது. அது லாபம். சில்லறைத் தகராறு மட்டும் அப்படியே இருந்தது. பேப்பர் ரோல் சிக்குவது, சார்ஜ் இறங்குவது என்று புதுத் தலைவலிகளும் வந்தன. அதனால் பையில் பழைய கட்டும் துணைக்குப் போனது.

ஆசிரியருக்கும் இதேதான் நடக்கிறது. புதுக் கருவி வந்தால் ஒரு பழைய திறமை மதிப்பிழக்கும். ஒரு பழைய வேலை போகும், அல்லது போக வேண்டும். ஒரு புது வேலை முளைக்கும். இந்த மூன்றும் ஒரு சமநிலைக்கு வரும்வரை அவர் கருவியைப் பயன்படுத்துகிறார் என்று சொல்லலாமே தவிர, பழகிவிட்டார் என்று சொல்ல முடியாது.

யாருக்குப் பயன், யாருக்கு வேலை?

ஒருவர் ஒரு கருவியை ஏற்பாரா மாட்டாரா என்பதைப் பற்றி நிறைய ஆய்வுகள் உண்டு. அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989-இல் வெளியிட்டது. 152 பயனர்களையும் நான்கு மென்பொருள்களையும் வைத்து அவர் இரண்டு விஷயங்களை அளந்தார். "இது என் வேலைக்கு உதவும்" என்ற எண்ணம் ஒன்று. இதை உணரப்படும் பயன் என்கிறார்கள். "இதைப் பயன்படுத்தச் சிரமம் இருக்காது" என்ற எண்ணம் இன்னொன்று. இது உணரப்படும் எளிமை. இரண்டையும் சேர்த்த விளக்கத்துக்குத் தொழில்நுட்ப ஏற்பு மாதிரி என்று பெயர்.

அவர் கண்டதில் முக்கியமானது, பயன்பாட்டோடு பயனுக்கு இருந்த தொடர்பு எளிமைக்கு இருந்ததைவிட வலுவானது என்பது. பயன் இருந்தால் மனிதர்கள் ஓரளவு சிரமத்தைச் சகித்துக்கொள்வார்கள். பயன் இல்லாததை எவ்வளவு எளிமையாக்கினாலும் தொட மாட்டார்கள். தட்கல் பக்கம் ஒன்றும் சொகுசானது இல்லை. டிக்கெட் வேண்டும், அதனால் எல்லோரும் பழகிவிட்டோம்.

'உணரப்படும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். விற்பவர் உணரும் பயனோ கல்லூரி முதல்வர் உணரும் பயனோ இங்கே கணக்கில் வராது. பயன்படுத்துகிறவர் என்ன நினைக்கிறார் என்பதுதான் கணக்கு. இதற்கு ஒரு வருடம் முன்பே, 1988-இல், ஜொனதன் குருடின் என்ற கணினி ஆய்வாளர் வேறொரு பக்கத்திலிருந்து இதைத் தொட்டிருந்தார். குழுவாகப் பயன்படுத்தும் மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று பார்த்தபோது, அதிக வேலை செய்பவர் ஒருவர், பலன் பெறுபவர் இன்னொருவர் என்ற நிலை முக்கியக் காரணமாகத் தெரிந்தது. கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் காலண்டரை உதாரணம் காட்டினார். மேலதிகாரிக்கு வசதி. கீழே உள்ளவர்கள் தங்கள் காலண்டரை அன்றாடம் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

நம் கல்லூரிகளின் ஆன்லைன் அட்டெண்டன்ஸ் அப்படியே இதுதான். அறுபது பேர் கொண்ட வகுப்பு. ஆசிரியர் பெயர் கூப்பிட்டு ரிஜிஸ்டரில் குறிக்கிறார். மூன்றாவது மாடியில் நெட் கிடைக்காது. எனவே மாலையில் துறைக்கு வந்து, ரிஜிஸ்டரைப் பார்த்துப் பார்த்து அதையே போர்டலில் ஏற்றுகிறார். 75 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்கள் பட்டியல் அலுவலகத்துக்கு ஒரே கிளிக்கில் வந்துவிடுகிறது. ஆசிரியருக்குக் கிடைத்தது ஒரே வேலையை இரண்டு முறை செய்யும் பாக்கியம். தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் மூன்றாவது முறையும் உண்டு: ஆன்லைனில் இருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டு, துறைத் தலைவர் (எச்ஓடி) கையெழுத்தோடு ஃபைலில் கோக்க வேண்டும். போர்டலைக் கண்டு முகம் சுளிக்கிறவரைத் தொழில்நுட்ப எதிரி என்பது அநியாயம். அவர் கணக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பயன் தெரிந்தால் ஆசிரியர் கருவியை ஏற்பார். பயன் ஒருவருக்கும் உழைப்பு இன்னொருவருக்கும் போனால் ஏற்க மாட்டார், அல்லது ஏற்பதுபோல் நடந்துகொள்வார். பழைய வேலை நிற்காமல் புது வேலை சேர்ந்தால் அது கூடுதல் சுமைதான்.

பாடம், கற்பித்தல், கருவி

அட்டெண்டன்ஸ் அலுவலக வேலை. பாடம் நடத்துவதற்கு வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது.

பாடம் தெரிவது வேறு, அதை மாணவருக்குப் புரியவைக்கத் தெரிவது வேறு என்று நமக்கெல்லாம் தெரியும். ரேங்க் ஹோல்டராக வந்து வகுப்பில் திணறியவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் இதற்கு ஓர் இலக்கணம் கொடுத்தார்: ஒரு குறிப்பிட்ட பாடத்தை எப்படிச் சொன்னால் ஏறும், மாணவர் எங்கே தடுக்குவார் என்ற அறிவு தனியானது. 2006-இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோய்லரும் இதோடு மூன்றாவதாகக் கருவியைச் சேர்த்தார்கள். பாடம், கற்பிக்கும் முறை, கருவி மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உருவாகும் அறிவை டீபேக் (TPACK) என்கிறார்கள். பெயர் மறந்தாலும் பரவாயில்லை. கருவியைப் பற்றிய பொது அறிவு மட்டும் போதாது, 'என் பாடத்தில், என் மாணவர்களுக்கு, இந்தக் கருவி என்ன செய்யும்' என்பது தனி அறிவு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

இன்ஜினியரிங் கணித வகுப்பு ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் கணக்கு, பகுதிப் பின்னங்களாகப் பிரிக்க வேண்டும். கரும்பலகையில் ஆசிரியர் ஒரு வரி எழுதுவார். நிறுத்துவார். திரும்பி, "ஏ-யின் மதிப்பு என்ன வரும்?" என்பார். மூன்றாவது பெஞ்சிலிருந்து தப்பான பதில் வரும். அதையும் எழுதி, எங்கே இடிக்கிறது என்று காட்டுவார். சாக்பீஸ் நகரும் வேகமும் மாணவர் எழுதும் வேகமும் ஏறக்குறைய ஒன்று. யாரும் திட்டமிடாமலேயே கரும்பலகை அந்த வேகக் கட்டுப்பாட்டைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது.

அதே கணக்கு பிபிடிக்குப் போகிறது. ஸ்லைடு திறந்ததும் ஏழு வரியும் ஒன்றாகத் தெரிகின்றன. கேள்வி கேட்க இடமில்லை, விடை அங்கேயே இருக்கிறது. மாணவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். படம் எடுத்ததால் எழுதுவதில்லை. பாடம் நாற்பது நிமிடத்தில் முடிகிறது, இன்டர்னலில் மார்க் விழுவதில்லை. பவர்பாயின்ட்டை எடுத்துக்கொண்டால் அந்த ஆசிரியருக்கு எல்லாம் தெரியும். அனிமேஷன்கூட அழகாகப் போடுவார்.

இங்கே பழகுவது என்றால் என்ன? சிலர் பென் டேப்லெட் வாங்கித் திரையிலேயே கையால் எழுதத் தொடங்கினார்கள். வேகம் திரும்பி வந்தது. எழுதியது சேமித்தும் கிடைத்தது. சிலர் ஸ்லைடில் கேள்வியையும் வரைபடத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு தீர்வுக்குப் பலகைக்கே போகிறார்கள். பலகைக்குத் திரும்பியதைப் பின்னடைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். எந்த இடத்தில் கருவி வேண்டாம் என்று தெரிவதும் அந்தத் தனி அறிவின் பகுதிதான்.

தமிழ்த் துறையின் தனிக் கதை

எளிமை என்பது எல்லாத் துறைக்கும் ஒன்றல்ல. இதற்குத் தமிழ்த் துறையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பல வருடங்களாகச் சேர்த்த வினாத்தாள்களும் குறிப்புகளும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்து திரையில் தெரியுமே தவிர, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். யூனிகோடு என்பது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் உலகப் பொதுக் குறியீடு. தமிழ்நாடு அரசு 2010-இல் அதைத் தரமாக அறிவித்தது. இன்றைய இணையத் தளங்கள் எல்லாம் யூனிகோடில் ஓடுகின்றன. பழைய பாமினி கோப்பிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து கூகுள் ஃபார்ம் என்ற இணையப் படிவத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். எழுத்துருமாற்றி உண்டு. ஆனால் மாற்றியபின் ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். ஆங்கிலத் துறைக்காரர் பத்து நிமிடத்தில் முடித்ததை இவர் இரண்டு நாள் செய்தால், அதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை.

இனி யாப்பிலக்கணத் தேர்வு. 'கடலோரம்' என்ற சீரை அலகிட்டு வாய்பாடு எழுதுக என்பது கேள்வி. கட - நிரை, லோ - நேர், ரம் - நேர்; வாய்பாடு புளிமாங்காய். தாளில் திருத்தினால் அசை பிரித்ததற்கு ஒரு மார்க், வாய்பாட்டுக்கு ஒரு மார்க். கூகுள் ஃபார்மின் குறுவிடைக் கேள்வியில் கொடுத்துப் பாருங்கள். 'புளிமாங்காய்' என்று விடைக்குறிப்பு கொடுத்திருந்தால், 'நிரை நேர் நேர் - புளிமாங்காய்' என்று முழுதாக எழுதிய கெட்டிக்கார மாணவிக்குப் பூஜ்யம். அவள் எழுதியது விடைக்குறிப்போடு எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இங்கேயும் பழக்கம் இரண்டு படியில் வருகிறது. முதலில் ஆசிரியர் ஃபார்மைத் திட்டிவிட்டு எல்லாவற்றையும் கையால் திருத்துகிறார். அப்புறம் கேள்வியை உடைக்கிறார்: முதல் அசை எது, இரண்டாவது எது, மூன்றாவது எது, வாய்பாடு எது என்று நான்கு தெரிவுக் கேள்விகள். இப்போதுதான் ஒரு எதிர்பாராத லாபம் கண்ணில் படுகிறது. அறுபது பேரில் நாற்பது பேர் வாய்பாட்டைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், ஆனால் குறிலிணையை, அதாவது சேர்ந்து வரும் இரண்டு குறிலை, கண்டுபிடிக்கும் இடத்தில் தடுக்குகிறார்கள் என்று வரைபடமாகத் தெரிகிறது. தாளில் திருத்திய நாட்களில் இது ஒரு மங்கலான அனுபவமாக இருந்தது. அடுத்த வகுப்பை அவர் குறிலிணையிலிருந்து தொடங்குகிறார் என்றால், கருவி அவருடைய வேலைக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

கற்றல் மேலாண்மைத் தளம் என்று பொதுவாகச் சொல்லப்படுபவற்றுக்கும் இது பொருந்தும். பாடக் குறிப்பு, ஒப்படைப்பு, தேர்வு, மதிப்பெண் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து மார்ட்டின் டோகியாமஸ் 2002-இல் வெளியிட்ட மூடில், 2014-இல் வந்த கூகுள் கிளாஸ்ரூம் இரண்டும் நமக்குப் பழக்கமானவை. மூடிலில் விவாத அரங்கு உண்டு, மாணவர்களே ஒருவர் கட்டுரையை ஒருவர் மதிப்பிடும் வசதி உண்டு. பலர் அதைப் பிடிஎஃப் போட்டு வைக்கும் இடமாகத்தான் பயன்படுத்துகிறார்கள். அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. புதுக் கருவியில் பழைய வேலையைச் செய்து பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதல் படி. ஜெராக்ஸ் கடை செலவு மிச்சமானதே மாணவருக்கு லாபம்தான். இரண்டாவது படிக்கு ஏற ஒரு காரணம் வேண்டும், கொஞ்சம் நேரம் வேண்டும்.

சுருக்கம்: பொதுவான கணினி அறிவு ஒரு ஆசிரியரைப் பாதி தூரம் கொண்டுபோகும். மீதியை அவரவர் பாடத்துக்குள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழைய வேலையைப் புதுக் கருவியில் செய்வது முதல் படி, கருவி காட்டியதை வைத்து வேலையை மாற்றுவது இரண்டாவது.

2020-ஐ உதாரணம் காட்டலாமா?

"கொரோனாவில் ஒரே வாரத்தில் எல்லோரும் ஆன்லைனுக்கு மாறினார்களே" என்று கேட்பார்கள். மாறினார்கள். செல்போனைக் கவிழ்த்து ஸ்டூலில் கட்டி, கீழே நோட்டில் எழுதிக் காட்டிய ஆசிரியர்களை அந்த நாட்களில் பார்த்திருப்போம். ஆனால் அதற்குச் சரியான பெயர் வேறு. நம் ஊரடங்கு தொடங்கி இரண்டு நாள் கழித்து, 2020 மார்ச் 27 அன்று, சார்ல்ஸ் ஹாட்ஜஸ் உள்ளிட்ட ஐந்து அமெரிக்கக் கல்வியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். இப்போது நடப்பதை ஆன்லைன் கல்வி என்று அழைக்காதீர்கள், இது அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல் என்றார்கள். முழுமையான ஓர் ஆன்லைன் பாடத்தைத் திட்டமிட்டு உருவாக்க வழக்கமாக ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும் என்பதையும் நினைவூட்டினார்கள்.

கல்லூரிகள் திறந்ததும் பலரும் கேமராவை மூடி வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடியது இதனால்தான். வேறு வழியில்லாமல் செய்ததற்கும் விரும்பிச் சேர்த்துக்கொண்டதற்கும் உள்ள தூரம் அது. தங்கியவையும் உண்டு. வகுப்பு வாட்ஸ்அப் குழு அப்படியே தங்கிவிட்டது, யாரும் சர்க்குலர் போடாமலேயே.

யாரும் வாங்காத கருவி

மேலே சொன்னதெல்லாம் கல்லூரி வாங்கி ஆசிரியரிடம் கொடுத்த கருவிகள். 2022 நவம்பர் 30 அன்று, கேட்டால் கட்டுரை எழுதித் தரும் சாட்ஜிபிடி வந்தபோது வரிசை தலைகீழானது. மாணவர்கள் முதலில் எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியருக்கு அது அசைன்மென்ட் வடிவத்தில் மேஜைக்கு வந்தது. ஏற்பதா வேண்டாமா என்ற கேள்வியே அவரிடம் கேட்கப்படவில்லை.

உடனடியாகத் தேடியது, இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை. ஒரு கருவிக்கு இன்னொரு கருவி என்ற இந்த வழி அவ்வளவு நம்பகமானதாக இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கண்டறியும் கருவி துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். மனிதர் எழுதிய அவற்றில் சராசரியாக 61 சதவீதம் இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் குறிக்கப்பட்டன. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எழுதும் நம் மாணவர்கள் எந்தப் பக்கம் விழுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கருவி காட்டும் சதவீதத்தை மட்டும் நம்பி ஒருவரைக் குற்றவாளியாக்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

வேலை செய்த வழி பழைய வழிதான்: தேர்வு முறையை மாற்றுவது. அசைன்மென்ட்டை வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் வைவா கேட்பது. "இரண்டாவது பக்கத்தில் இந்த வாதம் சொல்லியிருக்கிறாயே, இதற்கு எதிர்வாதம் என்ன?" என்று கேட்டால் எழுதியவர் யார் என்பது வெளிச்சமாகிவிடும். ஊர்ப் பேருந்து நிலையத்தில் தானே எடுத்த கணக்கு, தன் பாட்டியிடம் கேட்டுப் பதிந்த சொற்கள் என்று உள்ளூர்த் தரவைக் கேட்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் எந்தப் பட்டனும் தெரிய வேண்டியதில்லை. நேரம் மட்டும் வேண்டும்: அறுபது பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம்.

அந்த நேரம் எந்தக் கணக்கில்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி ஆசிரியரின் வேலை வாரத்துக்கு 40 மணி நேரம், வருடத்துக்கு 30 வாரம். அதில் உதவிப் பேராசிரியர் 16 மணி நேரமும், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணி நேரமும் நேரடியாகப் பாடம் நடத்த வேண்டும். மீதியில்தான் தயாரிப்பு, திருத்தல், ஆராய்ச்சி, நிர்வாகம், போர்டல் எல்லாம்.

அதே விதிமுறையில் ஆசிரியருக்கான மதிப்பெண் பட்டியலில், நான்கு கிரெடிட் கொண்ட முழு மூக் பாடத்தை உருவாக்கினால் 20 புள்ளி. மூக் என்றால் யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய இணையவழிப் பாடம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இருப்பவை அவை. பழைய வினா வங்கியை யூனிகோடுக்கு மாற்றியதற்கும், யாப்புத் தேர்வை நான்காக உடைத்ததற்கும், வைவாவுக்குச் செலவழித்த ஐந்து மணி நேரத்துக்கும் அப்படிப் புள்ளி கிடையாது. கண்ணுக்குத் தெரியும் பெரிய வேலைக்கு மதிப்பு உண்டு, வகுப்பை நிஜமாக மாற்றும் சின்ன வேலைகள் கணக்கில் வருவதில்லை. கௌரவ விரிவுரையாளர் என்றால் இன்னும் மோசம். அடுத்த வருடம் இதே கல்லூரியில், இதே பாடத்தில் இருப்போமா என்று தெரியாதவர் எந்த நம்பிக்கையில் வினா வங்கி கட்டுவார்?

எனவே புது சாஃப்ட்வேர் வாங்கும் கமிட்டியில் உங்களுக்கு இடம் கிடைத்தால், டெமோ காட்டுபவரிடம் வசதிகளைப் பற்றிக் கேட்டது போதும். பக்கத்தில் இருக்கும் முதல்வரிடம் கேளுங்கள்: இது வந்தால் எந்த ரிஜிஸ்டர் எந்தத் தேதியிலிருந்து நிற்கும்? பழைய கோப்புகளை மாற்ற ஆள் உண்டா, அல்லது அதுவும் ஆசிரியர் தலையிலா? முதல் செமஸ்டரில் ஒரே ஒரு பாடத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கலாமா? பக்கத்துத் துறைக்காரர் ஒருவர் அதில் பாடம் நடத்துவதைப் போய்ப் பார்க்க ஒரு பீரியட் விடுப்பு கிடைக்குமா? முதல் கேள்விக்குத் தேதியோடு பதில் வந்துவிட்டால் டிரெயினிங்கைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.